புதிய காரா, பழைய காரா? முதலில் எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லுங்கள்

சிங்கப்பூரில் காரைப் பதிவு செய்து பத்து ஆண்டு ஓட்ட, ஏலத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சான்றிதழின் பெயர் சிஓஇ. 2008 நவம்பரில் சிறிய காருக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு, அதாவது 2 சிங்கப்பூர் டாலருக்கு, இறங்கியது. இரண்டே வெள்ளி. அன்றைக்குக் கோப்பிக்கடையில் இரண்டு பேர் கோப்பி குடிக்கிற காசு. 2025 அக்டோபரின் முதல் ஏலத்தில் அதே சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 128,105 வெள்ளிக்குப் போனது. நடுவில் இருந்த ஆண்டுகளில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இதைப் பார்த்துப் பார்த்து நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏல முடிவைப் பார்ப்பது, "இறங்கட்டும், அப்புறம் வாங்கலாம்" என்று கைப்பேசியை மூடி வைப்பது. இறங்கினாலும் வாங்குவதில்லை. இன்னும் இறங்கும்போல இருக்கிறதே என்று காத்திருப்பது.

இந்த ஊரில் கார் வாங்க நினைக்கிறவர் சிஓஇ எப்போது இறங்கும் என்று யோசிப்பதில் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. புதியதா பழையதா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். உங்கள் வீட்டுக்குக் கார் எத்தனை ஆண்டுக்குத் தேவை? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றது பெரும்பாலும் கூட்டல் கழித்தல். அந்தக் கூட்டல் கழித்தலைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் விற்கிறவர்கள் அதை அவசரமாகப் போட்டுக் காட்டுவார்கள்.

விலையில் கார் எவ்வளவு?

சுங்கத்துறை ஒரு காருக்கு நிர்ணயிக்கும் இறக்குமதி மதிப்பை ஓஎம்வி என்கிறோம். அது 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமான ஒரு குடும்பக் கார். இதன்மேல் 20 விழுக்காடு சுங்கவரி, 4,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 24,000-க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,160 வெள்ளி. அடுத்து ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு அது 100 விழுக்காடு, அதாவது இன்னொரு 20,000. ஓஎம்வி கூடக்கூட இந்த விகிதமும் கூடும். 2023 பிப்ரவரியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, 80,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காடு. ஆடம்பரக் கார்களின் விலை வேறு உலகத்தில் இருப்பது இதனால்தான். நாம் நம் காருக்கே வருவோம். சிஓஇ 100,000 என்று ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டால், கூட்டுத்தொகை 146,160. விற்பனையாளரின் லாபம், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து ஷோரூமில் 165,000 என்று சொல்கிறார்கள் என்று வைப்போம்.

இந்த 165,000-இல் இரும்பு, கண்ணாடி, டயர், எஞ்சின் எல்லாம் சேர்ந்து 20,000. மீதியெல்லாம் அதைப் பத்து ஆண்டு இந்தத் தீவில் ஓட்டுவதற்கான அனுமதியும் வரியும் வியாபாரமும். சென்னையிலோ கோலாலம்பூரிலோ கார் பழசாகிக்கொண்டே போய் ஒருநாள் உழைக்காமல் நின்றுபோகும். இங்கே அது தேதி பார்த்து முடிகிறது. பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும் கார்கூடப் பத்தாவது பிறந்தநாளில் ஒன்று சிஓஇயைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை நீக்கி ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்ப வேண்டும்.

அதனால்தான் இங்கே கார் வியாபாரத்தில் எல்லாரும் பேசும் மொழி 'டெப்ரி'. ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்ற கணக்கு. கொடுக்கிற விலையிலிருந்து கடைசியில் திரும்பி வருகிற பணத்தைக் கழித்து, எஞ்சியிருக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். நம் புதிய காருக்குக் கடைசியில் ஒரு காசும் திரும்பாது என்று கறாராகவே வைத்தாலும் 165,000-ஐப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 16,500. மாதத்துக்கு 1,375. இது கார் கீழ்த்தளத்தில் சும்மா நின்றாலும் கரைகிற பணம்.

பழைய காரின் உள்ளே ஒளிந்திருக்கும் இன்றைய சிஓஇ

"புதுசு வேண்டாம், அஞ்சு வருஷம் ஓடினதா ஒன்று பார்த்துக்கலாம், பாதி விலைதானே" என்று உட்லண்ட்ஸில் இருக்கும் என் மைத்துனர் சொல்வார். பாதி விலை என்பது சரிதான். ஆனால் பாதிக் காலமும் போய்விட்டது அல்லவா? அவருக்காக ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். விற்பனை விலைகள் உதாரணத்துக்குத்தான். ஆனால் கணக்குப் போடும் முறை எந்த வண்டிக்கும் பொருந்தும்.

அதே 20,000 ஓஎம்வி கார். சிஓஇ 45,000 இருந்த காலத்தில் பதிவானது. இப்போது ஐந்து வயது தாண்டியிருக்கிறது, விற்பவர் 80,000 கேட்கிறார். இன்றைக்கே இந்தக் காரின் பதிவை நீக்கினால் அரசாங்கம் என்ன தரும்? சிஓஇயில் மீதமிருக்கும் ஐந்து ஆண்டுக்கு, அன்று கட்டிய 45,000-இல் பாதி, 22,500 வெள்ளி. ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு பார்ஃப் என்ற பெயரில் திரும்பும். இந்த வயதுக் காருக்கு, அது பதிவான காலத்து விதிப்படி 70 விழுக்காடு, 14,000. இரண்டும் சேர்ந்து 36,500. இதற்குத்தான் 'பேப்பர் வேல்யூ' என்று பெயர். கேட்கும் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 43,500. அதை 'பாடி வேல்யூ' என்பார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கப்பலில் வந்து இறங்கும்போது 20,000 வெள்ளி மதிப்பிட்ட வண்டிக்கு, ஐந்து ஆண்டு ஓடிக் களைத்த பிறகு பாடி மட்டும் 43,500. எப்படி? அது பாடியின் விலையே இல்லை. இன்றைய சிஓஇ உயரமாக இருப்பதால், அன்று மலிவாக எடுத்த சிஓஇக்கு இன்றைக்கு ஏறியிருக்கும் மதிப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஏற்றத்தின் லாபம் விற்கிறவருக்கு. நீங்கள் இன்றைய விலையைக் கொடுக்கிறீர்கள். அரசாங்கமோ அன்றைய விலையை வைத்துத்தான் திருப்பித் தரும்.

டெப்ரியைப் பாருங்கள். பத்தாவது ஆண்டு முடிவில் ஏஆர்எஃப்பில் பாதி, 10,000 திரும்பும். 80,000-இல் அதைக் கழித்து ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 14,000. புதிய காருக்கு 16,500. வித்தியாசம் 2,500 வெள்ளி. அதற்கு ஈடாக வாரண்டி முடிந்த வண்டி, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத கியர்பாக்ஸ், நம் ஊர்ச் சூட்டில் எப்போது வேண்டுமானாலும் கைவிடக்கூடிய ஏர்கான் கம்ப்ரசர். ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் அந்த ஆண்டு மிச்சம் ஒன்றும் இல்லை. பழைய கார் என்றால் மலிவு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு பழைய காரையும் பார்ப்போம். இது 2023 அக்டோபரில், ஏ பிரிவு 106,000-க்குப் போன ஏலத்தில் எடுத்த சிஓஇ. அன்று வாங்கியவரைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது. மூன்று வயதில் அதை 112,000-க்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஏழு ஆண்டுச் சிஓஇக்கு 74,200 வெள்ளி, பார்ஃப் 75 விழுக்காடு 15,000. பேப்பர் வேல்யூ 89,200. பாடி வேல்யூ 22,800 மட்டும். கடைசியில் திரும்பும் 10,000-ஐக் கழித்து ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,570. முந்தைய காரைவிட ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு வெள்ளிதான் கூடுதல்.

ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் தரை வேறு. அடுத்த ஆண்டே சிஓஇ 60,000-க்கு விழுந்தால் முதல் காரின் அந்த 43,500-இல் பெரும்பகுதி ஆவியாகிவிடும். சந்தையில் யாரும் அந்த விலைக்குத் தொட மாட்டார்கள், அரசாங்கத்திடம் போனால் முப்பதாயிரத்தைச் சுற்றித்தான் கிடைக்கும். இரண்டாவது காருக்கு அந்தப் பயம் குறைவு. சந்தை எவ்வளவு சரிந்தாலும் அரசாங்கத்திடம் பதிவை நீக்கினால் பேப்பர் வேல்யூ வந்தே தீரும். 2023 நவம்பரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சிஓஇ 150,001-இலிருந்து ஒரே ஏலத்தில் 110,001-க்கு விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு சரிவு வரும், நடுவில் விற்க வேண்டியும் வரும் என்ற சந்தேகம் இருந்தால், சிஓஇ உச்சத்தில் இருந்தபோது பதிவான பழைய கார்தான் பாதுகாப்பு. ஊர் பரிதாபப்பட்ட கார் இரண்டாவது கைக்கு வரும்போது நல்ல காராகிவிடுகிறது. பத்தாவது ஆண்டு வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்றால் இந்த வேறுபாடு பெரிதில்லை. கடைசி நாளில் இரண்டு சிஓஇயும் பூஜ்யம்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. பார்ஃப் விகிதத்தை அரசாங்கம் அவ்வப்போது மாற்றி இறுக்குகிறது. 2023 பிப்ரவரி இரண்டாம் ஏலம் முதல் எடுத்த சிஓஇகளுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. ஒவ்வொரு காருக்கும் அதன் சிஓஇ எடுத்த தேதியில் இருந்த விதிதான் செல்லும். புதிதாக வாங்குகிறவர் பழைய கார்களின் கணக்கைப் பார்த்துத் தனக்கும் அவ்வளவு திரும்பும் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே புதிய காருக்கு நான் பூஜ்யம் போட்டதற்குக் காரணம் அதுதான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் தேதி வாரியாக விகிதம் இருக்கிறது.

அப்படியானால் பழைய கார் எதற்கு?

உண்மையான வித்தியாசம் கையில் வைக்க வேண்டிய பணத்தில் இருக்கிறது. ஓஎம்வி 20,000-க்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரை கடன், அதைத் தாண்டினால் 60 விழுக்காடு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 165,000 வெள்ளிப் புதிய காருக்கு 49,500 ரொக்கமாக வைக்க வேண்டும். மீதி 115,500-க்கு 2.5 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதம் 1,616 வெள்ளி. 80,000 வெள்ளிப் பழைய காருக்கு 24,000 வைத்தால் போதும். 56,000 கடனை 2.8 விழுக்காட்டில் ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் 1,064. ஆண்டுக் கரைசல் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் வங்கிக் கணக்கு படும் பாடு வேறு.

அந்த 2.5 விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கார்க் கடனுக்கு வட்டி, முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டு வந்தாலும் வட்டி குறைவதில்லை. வீட்டுக் கடனோடு ஒப்பிட வேண்டுமானால் இது உண்மையில் 4.7 விழுக்காட்டுக்குப் பக்கம் வரும். 'வீட்டுக் கடன் மாதிரிதான் அண்ணே' என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனைவிட முக்கியமான இன்னொன்று, நான் முதலில் கேட்ட அந்தக் கேள்வி. மகள் தொடக்கநிலை நான்கில் இருக்கிறாள், துணைப்பாடம், நடன வகுப்பு, நீச்சல் என்று மூன்று ஆண்டு அலைச்சல் இருக்கிறது. அதன்பின் அவள் எம்ஆர்டி ரயிலில் தானே போவாள். அல்லது அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அல்லது துவாஸில் வேலை, வீடோ பொங்கோலில், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ரயில் இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் கால அளவு வேறு. மூன்று ஆண்டுத் தேவைக்குப் பத்து ஆண்டு அனுமதியை வாங்கினால், நடுவில் விற்கும்போது அன்றைய சிஓஇ என்னவோ அதன் கையில் உங்கள் பணம். மூன்று, நான்கு ஆண்டே மீதமிருக்கும் பழைய காரை வாங்கிக் கடைசிவரை ஓட்டிப் பதிவை நீக்கினால், சிஓஇ ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. பழைய கார் தரும் பெரிய நன்மை இதுதான்: ஆண்டுகளைத் தேவையான அளவுக்கு வாங்கலாம். ஷோரூமில் பத்துக்குக் குறைந்து கிடைக்காது.

பத்து ஆண்டும் ஓட்டப்போகிறவர், நாளுக்கு நிறையக் கிலோமீட்டர் ஓடுகிறவர், வொர்க்ஷாப் பக்கம் போக நேரமில்லாதவர், இவர்களுக்குப் புதிய கார்தான் சரி. ஆண்டுக்கு 2,500 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து நிம்மதியை வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. புதுக் காரைக் கோவிலுக்கு ஓட்டிப் போய் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிற சந்தோஷத்துக்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. பழைய காருக்கும் நசுக்கலாம், ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது வழியும் உண்டு. பத்து வயதான காரின் சிஓஇயைப் புதுப்பிப்பது. கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியான பிகியூபி என்ற தொகையைக் கட்டினால் பத்து ஆண்டு, அதில் பாதி கட்டினால் ஐந்து ஆண்டு. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது. பார்ஃப் பணத்தையும் மறந்துவிட வேண்டும். சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காடு கூடுதலில் போய் நிற்கும், பரிசோதனை ஒவ்வொரு ஆண்டும். இத்தனைக்கும் பிறகும், தானே முதல் நாளிலிருந்து ஓட்டிய ஜப்பானியக் காரை வைத்திருப்பவருக்கு இதுதான் பல சமயம் மலிவு. வண்டியின் வரலாறு முழுக்கத் தெரியும், விற்பனையாளர் லாபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் புதுப்பித்த காரை வாங்குவது வேறு கதை. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காத்திருந்தால் இறங்குமா?

1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது முதல் அடிப்படை ஒன்றுதான். எத்தனை கார் பதிவு நீங்குகிறதோ அதை ஒட்டித்தான் புதிய சிஓஇ வரும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் மொத்த எண்ணிக்கைக்கு வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஆகவே பத்து ஆண்டுக்கு முன் நிறையப் பேர் வாங்கியிருந்தால் இப்போது நிறையச் சிஓஇ வரும், அப்போது வறட்சி என்றால் இப்போதும் வறட்சி. 2020-இல் ஏ பிரிவு முப்பதாயிரம், நாற்பதாயிரத்தில் இருந்ததை நினைத்துக்கொண்டு அடுத்த இறக்கத்துக்குக் காத்திருப்பவர்கள் இந்தச் சுழற்சியைத்தான் நம்புகிறார்கள்.

நம்பிக்கையில் ஓட்டை விழுந்திருக்கிறது. 2023 முதல் நிலப் போக்குவரத்து ஆணையம் பின்னால் வரப்போகும் உச்ச ஆண்டுகளின் சிஓஇகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்து வறண்ட ஆண்டுகளில் நிரப்புகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுகிற வேலை. 2025 பிப்ரவரி தொடங்கி இன்னும் 20,000 வரை கூடுதல் சிஓஇகளைச் சில ஆண்டுகளில் பரப்பித் தருவதாகவும் அறிவித்தது. இப்படி வரத்து கூடிய அதே 2025-இல்தான் ஏ பிரிவு அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. மின்சாரக் கார்களுக்கான சலுகை குறையப்போகிறது என்று ஒரு கூட்டம் முந்தியது, வாடகைக் கார் நிறுவனங்களும் அதே ஏலத்தில் நிற்கின்றன, சீன நிறுவனங்கள் சிறிய காரின் வகைக்குள் நல்ல வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கின. வரத்தை மட்டும் பார்த்து விலையைச் சொல்லும் காலம் போய்விட்டது. கொஞ்சம் இறங்கலாம். 2020 விலை திரும்பும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இறங்கினாலும் அது உங்களுக்கு எவ்வளவு மிச்சம் தரும்? சிஓஇ 20,000 குறைந்தால் பத்து ஆண்டில் பரப்பிப் பார்க்க ஆண்டுக்கு 2,000. அதற்காக இரண்டு ஆண்டு அம்மாவை மழையில் டாக்சிக்கு நிற்க வைக்க வேண்டுமா என்பது அவரவர் வீட்டு முடிவு. தேவை அவசரமில்லை என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம், ஒவ்வோர் ஆண்டும் பதினைந்தாயிரம் வெள்ளி மிச்சம் என்பதும் கணக்கில்தான் சேரும்.

ஷோரூமில் கையெழுத்துப் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுதியளிக்கப்பட்ட சிஓஇயா, இல்லையா? உறுதி என்றால் இத்தனை ஏலத்துக்குள் எடுத்துத் தருவேன், ஏறினாலும் என் பொறுப்பு என்று விற்பனையாளர் ஏற்கிறார். அதற்கான விலையும் உள்ளே இருக்கும். உறுதி இல்லாததில் முன்பணம் குறைவாக இருக்கலாம், ஏறினால் கூடக் கட்டச் சொல்வார்கள். அதோடு 'ரிபேட் லெவல்' என்று ஓர் எண் ஒப்பந்தத்தில் இருக்கும். சிஓஇ அதற்குக் கீழே போனால்தான் வித்தியாசம் உங்களுக்கு வரும். சந்தையில் 110,000 இருக்கும்போது ரிபேட் லெவலை 95,000 என்று போட்டிருந்தால், முதல் 15,000 இறக்கம் முழுக்க அவருக்கு. விலையைப் பேரம் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பேரம் பேசுவதில்லை. இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

மின்சாரக் காருக்கு ஏ பிரிவின் வரம்பு 110 கிலோவாட். அதற்காகவே சில மாடல்களின் சக்தியைக் குறைத்து இங்கே விற்கிறார்கள். ஓட்டுவதற்கு அதனால் குறையொன்றும் தெரியாது. ஆனால் சலுகையால் ஏஆர்எஃப் குறைந்தால் பின்னால் திரும்பும் பார்ஃப்பும் குறையும், ஏனென்றால் கட்டியதில்தான் பங்கு கிடைக்கும். சாலை வரியில் எரிபொருள் வரிக்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி தனியாக உண்டு. பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர் பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு மீதி என்பதைச் சிஓஇ மீதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் புளோக்கின் கார்நிறுத்தத்தில் சார்ஜர் எத்தனை, இரவில் காலியாக இருக்கிறதா என்று இரண்டு நாள் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார் தேவையா என்ற பேச்சையும் தொட்டுவிடலாம். டெப்ரி மாதம் 1,375, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்தம் கூரையோடு 110, பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ், மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மாதம் 1,900-க்குக் குறையாது. ஒரு சவாரி 25 வெள்ளி என்றால் அது 76 சவாரி. வாரத்துக்கு 17, 18 தடவை. அவ்வளவு போகாதவர் காரை ஆசைக்காகத்தான் வாங்குகிறார் என்று ஒத்துக்கொண்டு வாங்கலாம். சனி ஞாயிறு ஜொகூர் போவதற்கு மட்டும் என்றால் கார்ப் பகிர்வோ வாடகையோ போதும்.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது

ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போனால் வரிசை வரிசையாக நிற்கும். வண்டியைச் சுற்றிவந்து டயரை உதைப்பதற்கு முன் பதிவு விவரங்கள் அடங்கிய லாக் கார்டைக் கேளுங்கள். ஓஎம்வி, கட்டிய ஏஆர்எஃப், சிஓஇ தொகை, காலாவதித் தேதி, குறைந்தபட்ச பார்ஃப், எத்தனை கை மாறியது என்பது எல்லாம் அதில் இருக்கும். முதல் பதிவுத் தேதியும் அசல் பதிவுத் தேதியும் வேறு வேறாக இருந்தால், வேறு நாட்டில் ஏற்கெனவே ஓடிவிட்டு வந்த வண்டி என்று அர்த்தம். மூன்றே ஆண்டில் நான்கு கை மாறியிருந்தால் காரணம் கேளுங்கள், சொல்லும் காரணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வண்டிக்குப் போங்கள். லாக் கார்டில் இருப்பதை வைத்து அங்கேயே நின்று பேப்பர் வேல்யூவைக் கணக்கிட்டுவிடலாம். விற்பவர் முகத்தில் சின்ன மாற்றம் தெரியும்.

விகோம், எஸ்டிஏ போன்ற பரிசோதனை நிலையங்களில் வாங்குமுன் சோதனை செய்து தருவார்கள். கட்டணம் நூற்றுச் சொச்ச வெள்ளி. "ஏற்கெனவே சோதனை செய்தாச்சு" என்று ஒரு தாளை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே சோதனை முடிவு. கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டீயரிங் தோல், பிரேக் மிதி, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் மூன்றும் மீட்டரைவிட நேர்மையானவை. சர்வீஸ் சீட்டுகளில் இருக்கும் எண்ணோடு மீட்டர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

விளம்பரத்தில் ஒரு விலை, மேசையில் இன்னொரு விலை என்பது இந்தத் தொழிலில் பழைய விஷயம். நிர்வாகக் கட்டணம், செயல்முறைக் கட்டணம் என்று ஆயிரம் சொச்சம் சேரும். எங்களிடமே கடன் எடுத்தால்தான் இந்த விலை என்பார்கள். உங்கள் பழைய காருக்கு அதிக விலை தருவதாகச் சொன்னால், வாங்கும் காரின் விலையில் அது எங்கே ஏறியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

நேரடி உரிமையாளரிடம் வாங்கினால் விலை குறையும், ஆனால் குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் கைகொடுக்காது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று கருதப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வியாபாரிதான். தேய்மானத்துக்கும், முன்கூட்டியே சொல்லி விற்ற குறைக்கும் இது கிடையாது. பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் அடுத்து 20,000 வெள்ளி வரையான வழக்குக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அதற்காகத்தான் முன்பணம் கொடுக்கும்போதே, கடன் கிடைக்காவிட்டாலோ சோதனையில் தேறாவிட்டாலோ பணம் திரும்ப வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். வாயால் சொன்னதை அங்கே நிரூபிப்பது கஷ்டம்.

பெயர் மாற்றம் இப்போது அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் சில நிமிட வேலை. அதற்குமுன் காப்புறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். புதிதாக உரிமம் எடுத்தவருக்கு அந்தக் காப்புறுதியே அதிர்ச்சி தரலாம், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 50 விழுக்காட்டுக்கு வர ஐந்து ஆண்டு ஆகும். கார் முழுச் சேதமானால் காப்புறுதி நிறுவனம் அன்றைய சந்தை விலையைத்தான் தரும், கடன் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் உங்கள் தலையில். ஜொகூர் போகிறவர்கள் மலேசியாவின் விஇபி என்ற வாகன நுழைவு அனுமதியை முந்தைய உரிமையாளர் தன் பெயரிலிருந்து நீக்கிவிட்டாரா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை முதல் அந்த அனுமதி இல்லாமல் ஜொகூர் போனால் 300 ரிங்கிட் அபராதம். விற்றுவிட்டுப் போனவரைப் பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.